‘பொறுமை இருந்தால் போதும்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் தங்கள் நாளிதழில் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கம் வந்திருந்தது. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எங்கள் தெருப் பெண் ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கான சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பைப் பற்றி அதில் நான்கே வரி. ‘பொறுமையும் சேவை மனப்பான்மையும் உள்ளவர்களுக்கு ஏற்ற படிப்பு’ என்று போட்டிருந்தது. “அக்கா, எனக்குக் கொஞ்சம் சட்டுன்னு கோபம் வரும். நான் இதுல சேரலாமா?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

சங்கரன்கோவில் பக்கம், வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் அரசின் வட்டார வள மையம் ஒன்றில் சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ முடித்து ஐந்து வருடம் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, 2014ல் இந்தப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். அறிவுசார் குறைபாடு என் பிரிவு. சேர்ந்த செய்தி கேட்டு அத்தை வீட்டுக்கே வந்துவிட்டார். “அந்தப் பிள்ளைகளோட போய் உட்கார்ந்தா உனக்கு மாப்பிள்ளை யாரு தருவா?” என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் சிலர் “புண்ணியம் கிடைக்கும்மா” என்றார்கள். இரண்டு பேச்சிலும் எனக்கு ஒரே வருத்தம்தான். நான் ஒரு தொழில் படிக்கப் போகிறேன் என்று யாருமே நினைக்கவில்லை.

முதல் வாரமே எங்கள் ஆசிரியை வகுப்புக்கு ஒரு பை நிறைய சாக்ஸ் கொண்டுவந்தார். இரண்டு கையிலும் தடித்த சாக்ஸை மாட்டிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். ஐந்து நிமிடம் ஆயிற்று, என்னால் ஒரு பொத்தான்கூடப் போட முடியவில்லை. பக்கத்தில் நின்று அவர் “சீக்கிரம், சீக்கிரம், எத்தனை தடவை சொல்றது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் பொத்தான் போடுவதைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து எழுதச் சொன்னார். நான் நாலு படி எழுதினேன். அவர் கையில் இருந்த தாளில் பதினொன்று இருந்தது. அதைக் கடைசிப் படியிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பொத்தானை ஓட்டைக்குள் முக்கால்வாசி நாம் நுழைத்துவிட்டு, மீதியை இழுப்பதைப் பிள்ளையிடம் விட வேண்டும். அப்படிச் செய்தால் வேலையை முடித்த சந்தோஷம் முதல் நாளே அவனுக்குக் கிடைக்கிறது. மறுவாரம் அதற்கு முந்தின படி. இப்படியே பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்.

பிள்ளைக்கு என்ன வரும், என்ன வராது என்று கணக்கெடுப்பதற்கும் முறை இருக்கிறது. நாங்கள் பயன்படுத்துவது மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம். சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸில் ஜெயச்சந்திரனும் விமலாவும் சேர்ந்து உருவாக்கியது. 18 பிரிவு, பிரிவுக்கு 20 செயல், ஆக 360. ஒவ்வொன்றுக்கும் ‘செய்கிறான்’ அல்லது ‘செய்வதில்லை’ என்று நேரில் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். அம்மா சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார் என்றெல்லாம் குறித்துவிடக் கூடாது.

கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு சிறப்புப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பேச்சு வராது. தினமும் தன் வலது மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். தோல் காய்ப்புக் காய்த்துக் கறுத்துப்போயிருந்தது. பசி என்றார்கள், சேட்டை என்றார்கள். பௌர்ணமி நெருங்கினால் கூடிவிடும் என்று ஆயாம்மா சொன்னார். எங்கள் ஆசிரியை ஒரு நோட்டைக் கொடுத்து மூன்று கட்டம் போடச் சொன்னார். கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். நேரமும் எழுத வேண்டும். வேறு எதுவும் செய்யாதே, எழுது என்றார்.

பன்னிரண்டு நாள் எழுதினேன். கடித்ததெல்லாம் பெரும்பாலும் பதினொரு மணியை ஒட்டியே இருந்தது. அந்த நேரத்தில் வகுப்பில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. இடையில் ஒரு நாள் மட்டும் அவன் கடிக்கவே இல்லை. அது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள், காலை ஒன்பது மணியிலிருந்து கரண்ட் கிடையாது. அன்று பின்தெரு மாவு மில் ஓடவில்லை என்பது சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் பதினொரு மணிக்கு அந்த மில் பெல்ட் சுற்ற ஆரம்பிக்கும். எங்கள் காதுக்கு அது பழகிப்போன சத்தம். மூன்றாவது கட்டத்தைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவன் கடித்ததும் ஆயாம்மா அவனை முன்புற வராந்தாவுக்குக் கூட்டிப்போய்விடுவார். அங்கே சத்தம் குறைவு. கடித்தால் வெளியே போகலாம் என்று அவன் கற்றுக்கொண்டிருந்தான்.

அவன் இடத்தைத் தெருப்பக்கம் மாற்றினோம். வராந்தாவின் படத்தை அட்டையில் ஒட்டி, அதை எடுத்து நீட்டினால் வெளியே கூட்டிப்போகிறோம் என்று பழக்கினோம். நான் அங்கிருந்து கிளம்பும்போது கடிப்பது வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவையாகக் குறைந்திருந்தது. கடைசி நாளில் மில் ஓட ஆரம்பித்ததும் அவன் அட்டையை எடுத்து என் மடியில் வைத்தான்.

அந்த ஆயாம்மாவுக்கு என்னைவிடப் பத்து மடங்கு பொறுமை. பல வருடமாக அந்தப் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்தவர். ஆனால் மில் சத்தத்தைப் பிடித்துக்கொடுத்தது அந்த நோட்டு. அவருக்கும் யாராவது அதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் போவதற்கு ரொம்ப முன்பே அவரே கண்டுபிடித்திருப்பார்.

இது படித்துச் செய்ய வேண்டிய வேலை என்று சட்டமே சொல்கிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்தவர்தான் சிறப்பாசிரியராகப் பணி செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவையும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். இதெல்லாம் தங்கள் நாலு வரியில் இல்லை.

பொறுமை, சேவை என்றே எழுதிக்கொண்டிருப்பதால் என்ன ஆகிறது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். படித்து முடித்ததும் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். ஒரே அறையில் 22 பிள்ளைகள், நான் ஒருத்தி. சம்பளம் கேட்டபோது “இது சேவைம்மா, இதுல கணக்குப் பார்க்கலாமா” என்றார்கள். ஏழு மாதத்தில் வெளியே வந்துவிட்டேன். என்னோடு படித்தவர்களில் மூன்று பேர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. இப்போது நகைக்கடையில் நிற்கிறாள். அவளை நினைத்தால் மனது ஆறவில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. முந்தைய 1995 சட்டத்தில் இருந்தது ஏழுதான். தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணியிடங்களை அறிவித்து முறையாக நிரப்புங்கள், நெடுநாளாக ஒப்பந்தத்தில் இருப்பவர்களையும் தகுதி பார்த்து எடுங்கள் என்று 2025 மார்ச்சில் மறுபடியும் மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. நான் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறேன். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கு வண்டியில் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகவே பாதி நேரம் போய்விடுகிறது. இந்தச் செய்திகளுக்கும் தங்கள் நாளிதழில் இடம் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3ஆம் தேதி மட்டும் எங்கள் பிள்ளைகளைத் ‘தெய்வக் குழந்தைகள்’ என்றும் எங்களைத் ‘தியாகிகள்’ என்றும் எழுதினால் போதாது.

அடுத்த வருட வழிகாட்டிப் பக்கத்தில் இதையெல்லாம் போடுங்கள்: படிப்பு இரண்டு ஆண்டு, அறிவுசார் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, பார்வைத்திறன் குறைபாடு என்று தனித்தனிப் பிரிவு உண்டு, சேரும் முன் அந்த நிலையத்துக்கு மறுவாழ்வு மன்ற அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கோபம் வரும் என்று சொன்ன அந்தப் பெண்ணிடம், சேரலாம் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கும் கோபம் வரும். திங்கட்கிழமை நான் போகும் இரண்டு வீடுகளுக்கு, அந்தப் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, அவளையும் கூட்டிப்போகிறேன். வரும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவரச் சொன்னேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத சிறப்புப் பயிற்றுநர்,
சங்கரன்கோவில் வட்டம், தென்காசி மாவட்டம்.