வார்த்தைப் பட்டியல் கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள், சில நாள் கண்ணுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்றார் டாக்டர், மீதி நாட்கள் சுத்தச் சோம்பேறித்தனம். இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, அதனால் சாக்குச் சொல்ல வழியில்லை.

ரிட்டயர் ஆன பிறகு புது வேலையில் சேர்ந்து, போனில் வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷில் பேசுகிறாய் என்று படித்ததும் நம்பவே முடியவில்லை. தினம் பத்து வார்த்தை மனப்பாடம் செய்தும் ஞாயிற்றுக்கிழமை யோசித்தால் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை, உன்னிடம் பட்டியல் இருந்தால் அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறது, ஆனால் அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, ஏன் என்று சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆபீசுக்குப் போன் செய்து அதிகாரியைக் கேட்டேன். எடுத்த அம்மாள் "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹி இஸ் நாட் இன்" என்றார். அஃப்ரெய்ட் என்றால் பயம், பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்ததுதானே? அதிகாரி இல்லாததில் இந்த அம்மாவுக்கு என்ன பயம் என்று பதறிப்போய், "டோன்ட் ஒர்ரி மேடம், எனி ப்ராப்ளம்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "மன்னிக்கணும், அவர் இல்லையே" என்பதைத்தான் அவர் அப்படிப் பதமாகச் சொன்னார் என்பது பல மாதம் கழித்து, இன்னொருவர் இன்னொருவரிடம் "ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ ஆர் க்ளோஸ்டு" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டபோதுதான் உறைத்தது. நான் படித்த அர்த்தம் சரிதான், ஆனால் அந்த இடத்தில் அது எடுபடவில்லை.

நம் தமிழையே எடுத்துக்கொள். எனக்கு அவரைப் பிடிக்கும், சளி பிடித்திருக்கிறது, ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன், மூன்று மணி நேரம் பிடிக்கும், சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள், பையன் அடம் பிடிக்கிறான். இதையெல்லாம் யாராவது நமக்குப் பட்டியல் போட்டா சொல்லிக்கொடுத்தார்கள்? இங்கிலீஷில் 'ரன்' அப்படிப்பட்ட ஆசாமி. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள் இருப்பதாக ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் அகராதிக்காரர்கள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். ரன் அவுட் என்றால் நமக்குத் தெரிந்தது கிரிக்கெட்தான். "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்" என்று ஒருவர் காலிப் பெட்டியைக் காட்டிச் சொன்னால், அந்தப் பெட்டியே அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது, அகராதி எதற்கு?

ஒன்று மட்டும், காத்திருக்கத் தெரிய வேண்டும். 'ஃபேர் இனஃப்' எனக்குப் பிடிபட மூன்று தடவை ஆனது. முதலில் ஒரு மீட்டிங்கில் ஒருவருடைய யோசனையை வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னார்கள், அவர் தோளைக் குலுக்கி "ஃபேர் இனஃப்" என்றார். சந்தோஷமாகச் சொன்ன மாதிரியும் இல்லை, கோபமும் இல்லை. அப்புறம் ஒருநாள், இன்றைக்கு என்னால் இருக்க முடியாது, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஒருத்தி சொன்னதற்கு மேனேஜர் அதே வார்த்தையைச் சொன்னார். மூன்றாவது தடவை அது என்னிடமே வந்தது, லிஃப்ட் வேண்டாம், படியிலேயே ஏறி வருகிறேன் என்றேன், கூட வந்தவர் "ஃபேர் இனஃப்" என்று பட்டனை அமுக்கிவிட்டார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், "சரி, நீ சொல்வதிலும் நியாயம் இருக்கு, விடு". முழுச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த நெளிவைத் தமிழ் அர்த்தம் போட்ட புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

ஊகம் சில நேரம் காலை வாரும், அதையும் சொல்லிவிட வேண்டும். உடன் வேலை பார்த்தவருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினேன், கடுமையாக உழைப்பவர் என்று புகழ நினைத்து "ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்" என்று எழுதிவைத்தேன். அந்த மனிதர் வேலையே செய்வதில்லை என்று அர்த்தம்! நல்ல வேளை, அனுப்புமுன் அவரே பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வார்த்தையின் முகத்தை வைத்து ஊகிப்பதை விட்டுவிட்டேன், அக்கம்பக்கம் என்ன சொல்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

அக்கம்பக்கம் உதவ வேண்டுமானால் அது முதலில் நமக்குப் புரிய வேண்டுமே. இங்கிலீஷ் பேப்பரில் தலையங்கத்தோடு மல்லுக்கட்டுகிறாய் என்று எழுதியிருந்தாய், அதை நிறுத்து. துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள 100 வார்த்தையில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் போன்றவர்களின் ஆய்வில் வந்த கணக்கு. அதாவது 50 வார்த்தைக்கு ஒன்றுதான் புதிது. குழந்தைகள் கதைப் புத்தகம் படிக்க வெட்கப்படாதே, நான் இன்னும் படிக்கிறேன். அகராதி வேண்டுமென்றால் காலின்ஸ் கோபில்ட் வாங்கு. 1987இல் முதலில் வந்தது. வார்த்தைக்கு வார்த்தை என்று போடாமல், பேசுகிற மாதிரி முழு வாக்கியத்திலேயே விளக்கம் தருவார்கள்.

என்னுடைய நோட்டு இன்னும் இருக்கிறது, ஓரமெல்லாம் பழுப்பேறி. ஒரு பக்கத்தை அப்படியே எழுதுகிறேன், உன் வேலைக்கு ஆகும்: "போன். எதிரில் இருந்தவர் அவசரத்தில். 'கேன் ஐ கெட் பேக் டு யூ?' இப்போது பதில் இல்லை, நானே அப்புறம் கூப்பிடுகிறேன்." அதற்குக் கீழே: "போன். பெண் குரல், கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டே. 'ப்ளீஸ் பேர் வித் மீ.' கொஞ்சம் பொறுங்கள்." பக்கத்தில் ஒரு கரடி வரைந்திருக்கிறேன், என்னுடன் கரடி என்கிறாரே என்று முதலில் குழம்பியதால். அந்தக் கரடியால்தான் இத்தனை வருஷம் மறக்கவில்லை. வாக்கியத்தோடு யார், எங்கே, எந்த மூடில் என்பதையும் எழுதிவைத்து, அன்றைக்கே அதை வைத்து உன் சமாச்சாரம் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பார். பத்தெல்லாம் வேண்டாம், நாளுக்கு இரண்டு போதும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். அடுத்த கடிதத்தில் உன் போனில் காதில் விழுந்து, புரியாமல் போன மூன்று வாக்கியங்களை எழுதி அனுப்பு. அவற்றுக்கு முன்னும் பின்னும் என்ன பேச்சு நடந்தது என்பதையும் சேர்த்து எழுது, இல்லாவிட்டால் என்னாலும் சொல்ல முடியாது.

அன்புடன்,
ரகு