லாரி நின்றதும் உறங்கிப்போன கேட்வே: புகார் கடிதம்

அனுப்புநர்:
சரக்குப் பிரிவு மேலாளர்,
பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்,
சரக்குக் கண்காணிப்புக் கருவி நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: தூத்துக்குடி லோடில் நடந்த திருட்டும் உங்கள் வயர்லெஸ் டேக்குகளும்.

ஐயா,

வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன் உங்களிடம், பெட்டியின் அசைவையும் வெளிச்சத்தையும் குறித்துவைக்கும் 40 டேக்குகளும், அவற்றின் தகவலைக் கைபேசிக்கு அனுப்ப லாரியில் பொருத்தும் கேட்வே ஒன்றும் வாங்கி, ஆண்டுச் சந்தாவையும் முன்கூட்டியே கட்டினோம். சென்ற செவ்வாய் இரவு 9 மணிக்கு 180 பெட்டி டி-ஷர்ட்டுகளுடன் எங்கள் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. காலையில் குடோனில் எண்ணியபோது கணக்கு சரியாகவே இருந்தது. எடை போட்டபோதுதான் ஏழு பெட்டிகளில் எடை குறைந்தது தெரிந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் புது டேப். நாங்கள் ஒட்டுவது அடர்பழுப்பு, அது வெளிர்மஞ்சள். 312 உருப்படிகளை உருவியிருக்கிறார்கள். பின்கதவின் பூட்டும் சீலும் அப்படியே இருந்தன. கீல் போல்ட்டுகளில் மட்டும் புதிய கீறல்கள்.

மதுரையைத் தாண்டி அருப்புக்கோட்டைக்கு முன்பாக டிரைவர் 2 மணி முதல் 3.20 வரை ஓரங்கட்டித் தூங்கியிருக்கிறார். அதில் குற்றமில்லை, விடிய விடிய ஓட்டச் சொல்பவன் நானல்லன். அவர் மீண்டும் வண்டியைக் கிளப்பிய பிறகு, 3.24-க்கு என் கைபேசிக்கு எச்சரிக்கை வந்தது: 2.21-க்குப் பெட்டி அசைந்ததாம்! அசைவைக் குறித்து வைத்த டேக் மீது எனக்குக் குறையில்லை. அதை வெளியே சொல்லவேண்டிய கேட்வே மின்சாரமின்றிக் கிடந்திருக்கிறது. எங்கள் எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டைக் கழற்றிக் காட்டினார். உங்கள் ஆள் அதை இக்னிஷன் வயரில் இணைத்திருக்கிறார். சாவியைத் திருப்பினால் விழிக்கும், அணைத்தால் உறங்கும். நிற்கிற லாரிக்குத்தானே காவல் வேண்டும்? இரும்புக் கூண்டுக்குள் சிக்னல் தடைபடும் என்று ஆன்டெனாவை மெனக்கெட்டு வெளியே பொருத்தியவர்களுக்கு இது தோன்றவில்லையா?

கதவு திறந்தால் வெளிச்சத்தை உணர்ந்து அலறும் என்றும் சொன்னீர்கள். உங்கள் விற்பனையாளர் எங்கள் அலுவலகத்தில், நண்பகலில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். கைபேசி உடனே மணியடித்தது. நாங்களும் வாய்பிளந்து பார்த்தோம். செவ்வாய் இரவின் பதிவில் ஒளி அளவு தொடக்கம் முதல் கடைசிவரை பூஜ்ஜியம். கும்மிருட்டில் கதவைத் திறப்பவன் விளக்கேற்றி வைத்துவிட்டா திறப்பான்?

"கருவி வடிவமைத்தபடியே இயங்கியது" என்று உங்கள் சேவைப் பிரிவு பதில் அனுப்பியிருக்கிறது. திருட்டு நடந்த நேரத்தைப் பிறகு துல்லியமாகச் சொல்லும் கருவி என்று அன்றே சொல்லியிருந்தால் நான் வாங்கியே இருக்கமாட்டேன்.

காப்பீட்டு சர்வேயரும் காவல் நிலையமும் அன்றைய முழுப் பதிவைக் கேட்கிறார்கள். செயலியில் தெரியும் படம் போதாது. திருத்தப்படாத மூலப் பதிவை உங்கள் கையொப்பத்துடன் மூன்று நாட்களுக்குள் அனுப்புங்கள். கேட்வேயை நேரடியாக லாரி பேட்டரியில் இணைத்து, வயரை வெட்டினாலும் இயங்கும்படி தனி பேட்டரியும் வைத்துத் தரவேண்டும். எட்டு மாதச் சந்தாவையும் திருப்பித் தாருங்கள்; அத்தனை இரவும் நின்ற வண்டிக்குக் காவல் இருந்ததில்லை.

அடுத்த லோடு வரும் வியாழன் இரவு கிளம்புகிறது. அன்று மாலைக்குள் உங்கள் ஆள் வராவிட்டால், 40 டேக்குகளையும் கேட்வேயையும் கழற்றி உங்கள் அலுவலகத்துக்கே அனுப்பிவிடுவேன். பார்சல் கட்டணம் உங்களுடையது.

இப்படிக்கு,
சரக்குப் பிரிவு மேலாளர்