மழைக்கு முன்பே கையெழுத்தாக வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தூர்வாரிய வாய்க்கால்கள், தயார் நிலையில் படகுகள், கட்டுப்பாட்டு அறை எண்கள் என்று எல்லாம் இருந்தன. ஆய்வுக் கூட்டத்தில் கலந்துகொண்ட துறைகளின் பெயர்களும் இருந்தன: வருவாய், பொதுப்பணி, மின்வாரியம், தீயணைப்பு, சுகாதாரம், காவல். கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவர்கூட இல்லை. கடலூர் மாவட்டத்துக்காரனாகவும், உள்ளாட்சி அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவிலும் கிடங்கிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவனாகவும் இருப்பதால் எனக்கு அது உறுத்தியது. கட்டுரை எழுதியவரின் குறை இல்லை. அந்தக் கூட்டங்களுக்கு எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வந்த பிறகு நள்ளிரவில் போன் வரும்.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், ‘அவசரத்துக்குத்தான் சட்டத்திலேயே வழி இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 50ஆம் பிரிவு. மீட்புக்கும் நிவாரணத்துக்கும் உடனே பொருள் வேண்டும் என்று மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கருதினால் டெண்டர் இல்லாமலே வாங்க அனுமதிக்கலாம். பொறுப்பு அதிகாரி தரும் பயன்பாட்டுச் சான்றே கணக்குக்குப் போதுமான வவுச்சர். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்திலும் 16ஆம் பிரிவில் இயற்கைப் பேரிடருக்கு விலக்கு உண்டு. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி தனியார் வாகனத்தையும் பொருளையும் கையகப்படுத்தவும் முடியும். அதிகாரத்துக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் இந்தப் பிரிவுகள் டெண்டரைத்தான் தள்ளுபடி செய்யும், சரக்கை உண்டாக்கித் தராது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆட்கள் வந்தார்கள், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும்கூட வந்தார்கள். கம்பத்துக்கு என்ன செய்வது? சிமென்ட் கம்பத்தை வார்த்து, தண்ணீரில் பதப்படுத்தி, பளு தாங்கும் பதம் வருவதற்கு நாட்கள் வேண்டும். ஆட்சியர் கையெழுத்தால் அந்த நாட்களைக் குறைக்க முடியாது. உள்கிராமங்கள் பல வாரங்கள் இருட்டில் கிடந்தன. எங்கள் பக்கம் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோதும் இதே கதைதான். எந்த மாவட்டக் கிடங்கில் எவ்வளவு கம்பம், எந்த வார்ப்புத் தளத்தில் எவ்வளவு, பக்கத்து மாநிலத்தில் யாரிடம் என்ன விலைக்கு என்று காற்று வீசுவதற்கு முன்பே எழுதி வைத்திருப்பதுதான் கொள்முதல் வேலை.

அதற்கான கருவியும் புதிதல்ல. நாங்கள் ரேட் கான்ட்ராக்ட் என்போம். அமைதியான காலத்தில் முறையாக டெண்டர் விட்டு, விலையையும் தரத்தையும் மட்டும் முடிவு செய்து ஒப்பந்தம் போட்டுக்கொள்வது. அளவு பிறகு. வேண்டிய அன்று சப்ளை ஆர்டர் கொடுத்தால் குறித்த மணி நேரத்துக்குள் பொருள் வந்தாக வேண்டும், வராவிட்டால் அபராதம். ஆர்டர் கொடுக்கும்வரை அரசுக்குச் செலவு இல்லை; வாடகை மோட்டாரைத் தயாராக நிறுத்தி வைக்கச் சொன்னால் மட்டும் காத்திருப்பு வாடகை உண்டு.

ஆனால் இதற்கு நாள் பிடிக்கும். இரண்டு கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது விதி. பிறகு தொழில்நுட்ப மதிப்பீடு, விலைப்புள்ளி திறப்பு, பேச்சுவார்த்தை, மன்றத் தீர்மானம், வைப்புத்தொகை, ஒப்பந்தம். அக்டோபரில் மழை என்றால் இன்டென்ட், அதாவது பொருள் கேட்கும் பட்டியல், மே மாதமே எங்கள் மேசைக்கு வர வேண்டும். பெரும்பாலும் செப்டம்பரில்தான் வரும். இன்னொன்று, நம் சட்டமன்றத் தேர்தலும் மக்களவைத் தேர்தலும் ஏப்ரல், மே ஒட்டியே வருகின்றன. நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் டெண்டர் வேலைகள் முடங்கும். அந்த ஆண்டுகளில் ஜனவரியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பருவமழை ஆய்வுக் கூட்டத்தில் இதை யாராவது பேசி நான் கேட்டதில்லை.

கூட்டத்தில் எங்களையும் உட்கார வைக்க வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு மழைக்காலத்தில் நான் இருந்த அலுவலகத்துக்கு டீசல் பம்புகள் வந்து இறங்கின. இன்டென்டில் ‘பம்ப் செட்’ என்று இருந்தது, பம்ப் செட் வாங்கப்பட்டது. சக்‌ஷன் ஹோஸ் (தண்ணீர் உறிஞ்சும் குழாய்) தனி, புட் வால்வு (அதன் அடிமுனையில் பொருத்தும் வால்வு) தனி என்பது எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஹோஸ் வந்தபோது கப்ளிங் (இணைப்பு) அளவு பொருந்தவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்ற மக்களுக்கு முன்னால் புத்தம்புது பம்புகள் சும்மா நின்றன. பொறியாளரும் கொள்முதல் எழுத்தரும் ஜூன் மாதத்தில் ஒரு டீ குடிக்கும் நேரம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிக் குவிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும்போது நூற்றுக்கு முப்பதுக்கு மேல் இருக்கும் குளோரின், நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் மூட்டைக்குள்ளேயே மாதாமாதம் குறையும். மே மாதம் வாங்கி அடுக்கியதை நவம்பரில் தெருவில் தூவும்போது வீரியம் கணிசமாகக் குறைந்திருக்கும். அதைத் தவணை தவணையாகத்தான் வாங்க வேண்டும், வரும்போது சோதித்து வாங்க வேண்டும். மணல் மூட்டைக்கான சாக்கு, கயிறு, தார்ப்பாய், மரம் அறுக்கும் ரம்பத்துக்கு உதிரிச் சங்கிலி ஆகியவற்றை எலி கடிக்காமல் வைத்துக்கொண்டால் போதும், தாராளமாக இருப்பு வைக்கலாம். டீசலை அப்படிப் பெருமளவில் அடுக்கி வைக்க முடியாது. அதற்குப் பங்க்குடன் கடன் ஒப்பந்தம் வேண்டும், அதுவும் சொந்த ஜெனரேட்டர் உள்ள பங்க்காகப் பார்த்து. கரன்ட் இல்லாத நாளில் பங்க்கிலும் டீசல் அடிக்க முடியாது.

யாரிடம் வாங்குகிறோம் என்பதில் யாரும் கவனிக்காத ஓர் ஆபத்து இருக்கிறது. எல்1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், பெரும்பாலும் உள்ளூர்க்காரராகவே அமைவார். லாரி வாடகை அவருக்கு மிச்சம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது ஈக்காட்டுத்தாங்கலிலும் கிண்டியிலும் இருந்த பட்டறைகளும் கிடங்குகளும் மூழ்கின. வாங்குகிறவர், விற்கிறவர் இருவர் வீட்டிலும் ஒரே தண்ணீர். அப்போது ஒப்பந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடலூருக்கு வாங்கும்போது ஒருவர் திருச்சியிலோ சேலத்திலோ இருக்க வேண்டும், கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும். அந்தக் கூடுதலுக்குக் காரணம் கோப்பில் முன்பே எழுதியிருந்தால் தணிக்கையில் நிற்கும்.

தணிக்கை என்றதும் நம் அலுவலர்கள் பயப்படுவது பொய்யில்லை. ‘மழை பெய்யாத ஆண்டில், ஓடாத மோட்டாருக்குக் காத்திருப்பு வாடகை கொடுத்தது ஏன்?’ என்று ஆட்சேபணை வரும். அதைச் சந்திப்பதைவிட, வெள்ளம் வந்த பிறகு 50ஆம் பிரிவைக் காட்டி என்ன விலைக்கும் வாங்கிவிடுவது அதிகாரிக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. முன்யோசனைக்கு ஆட்சேபணை, பதற்றத்துக்கு மன்னிப்பு. இது மாற வேண்டும் என்றால் காத்திருப்புக் கட்டணத்தை அனுமதித்து அரசாணை வர வேண்டும். தணிக்கையாளர் மேல் தவறில்லை. அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு காகிதம் இல்லை என்பதுதான் சிக்கல்.

பதற்றத்தில் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஏப்ரல் சாட்சி. கொரோனா விரைவுப் பரிசோதனைக் கிட்டின் இறக்குமதி விலை 245 ரூபாய், அரசுக்கு விற்ற விலை 600. இறக்குமதி செய்தவரும் விநியோகம் செய்தவரும் தங்களுக்குள் சண்டை போட்டு டெல்லி உயர் நீதிமன்றம் போனதால்தான் இந்தக் கணக்கே நமக்குத் தெரிந்தது. 400க்கு மேல் விற்கக் கூடாது என்றது நீதிமன்றம். சில நாட்களில், முடிவுகள் சரியில்லை, திருப்பி அனுப்புங்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரும் சொல்லிவிட்டது. பந்தி தொடங்கிய பிறகு இலை வாங்க ஆள் அனுப்பினால் கடைக்காரன் சொன்னதுதான் விலை.

நம்மால் முடியாதது இல்லை என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் ஒரே விலை ஒப்பந்தம் போடுகிறது. மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து, அந்தத் தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளச் செய்கிறது. வரும் மருந்தை ஆய்வகத்தில் சோதிக்கிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு. அதே முறையைப் பம்புக்கும் தார்ப்பாய்க்கும் படகுக்கும் நீட்டித்தால் ஒவ்வொரு நகராட்சியும் தனித்தனியாக ஒரே கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

பணப் பட்டுவாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. முந்தைய வெள்ளத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்த ஓட்டல்காரருக்கும் ஜேசிபி அனுப்பியவருக்கும் பில் பாக்கி நிற்கிறது என்றால், அடுத்த வெள்ளத்தில் அவர் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் ‘வண்டி வேலையில் இருக்கிறது சார்’ என்பார். கடைத்தெருவில் நமக்கு இருக்கும் பெயர் எந்த ஆயத்தத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை. ஆனால் அந்த இரவில் லாரி வருமா வராதா என்பது அதில்தான் இருக்கிறது.

கடைசியாக எங்கள் பிரிவு தன் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆன்லைன் டெண்டரில் கையெழுத்திட வேண்டிய டிஜிட்டல் கையொப்ப டோக்கன் என்ற சிறு கருவி ஒரே அதிகாரியிடம், அவர் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம். ஒப்பந்தக் கோப்புகள் தரைத்தளத்தில், கீழ் அலமாரியில். கம்பெனிக்காரரின் போன் எண், மாற்றலாகிப் போன எழுத்தரின் கைப்பேசியில். ஆணையரை எட்ட முடியாவிட்டால் அடுத்துக் கையெழுத்திட யாருக்கு எவ்வளவு தொகை வரை அதிகாரம் என்று எழுத்தில் இருக்காது. இதையெல்லாம் சரிசெய்யப் பணமே வேண்டாம்.

அடுத்த பருவமழைக்கு முன் உங்கள் நிருபர்கள் ஆய்வுக் கூட்டத்துக்குப் போகும்போது படகு எத்தனை என்பதோடு, எந்தெந்தப் பொருளுக்கு ரேட் கான்ட்ராக்ட் நடப்பில் இருக்கிறது, ஒப்பந்ததாரர்களில் எத்தனை பேர் மாவட்டத்துக்கு வெளியே, போன ஆண்டு வெள்ள பில்களில் பாக்கி எவ்வளவு என்றும் கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல அந்த மேசையில் ஆள் இல்லை என்றால் அதையே செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிடங்குக் கண்காணிப்பாளர்,
கடலூர் மாவட்டம்