அப்பாவின் மழை நோட்டும் ஒரு வரைபட லைப்ரரியும்

கல்லிடைக்குறிச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சோம்பலால் பதில் தள்ளிப்போகவில்லை. நீ கேட்ட விஷயத்தை ஒரு தடவை நானே செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இரண்டு சாயங்காலத்தில் முடியும் என்று நினைத்த வேலை, ஐப்பசி முழுவதையும் விழுங்கிவிட்டது.

இங்கே எல்லோரும் நலம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவியாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. படி ஏறாதே என்றால் கேட்பதில்லை.

பம்பு சோதிக்கும் மேடையில் அழுத்தமும் நீரோட்டமும் கணினித் திரையில் கோடாக ஓட வேண்டும், அங்கே இணைய இணைப்பு கிடையாது, கணினியும் பழையது என்று எழுதியிருந்தாய். எனக்கும் இங்கே அதே கதைதான். பம்புக்குப் பதிலாக மழை.

அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரைபடத்தாளின் மூலையில் ‘அளவுத்திட்டம்’ எழுத மறந்ததற்காக உன் விடைத்தாளை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டியவர் அல்லவா? ஓய்வுபெற்ற மறு மாதமே கொல்லையில் ஒரு மழைமானி வைத்தார். அன்றிலிருந்து தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் எழுதுகிறார். வானிலை ஆய்வுத் துறையும் ஒரு நாளின் மழையைக் காலை எட்டரையோடுதான் கணக்கு முடிக்கிறது. அதனால் நேரம் பிசகினால் அவருக்குக் கோபம் வரும். பக்கத்துப் பத்தியில் பாபநாசம் அணையின் நீர்மட்டம், பத்திரிகையில் பார்த்து எழுதியது. உச்சம் 143 அடி. இப்படிப் பதினோரு நோட்டுகள் சேர்ந்துவிட்டன. “மழையையும் அணையையும் ஒரே படத்தில் பார்க்க முடியுமா?” என்று கேட்டார். அதுதான் ஆரம்பம்.

முதலில் லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, எதுவும் வேண்டாம், நானே வரைந்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். கோடு போடுவது அரை மணி நேர வேலை. ஆனால் அச்சில் எண் போட வேண்டும் பார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பெரிய மழை 94 மில்லிமீட்டர் என்றால், என் நிரல் அச்சை 0, 18.8, 37.6 என்று பிரித்தது. மனிதன் போட்டிருந்தால் 0, 20, 40 என்று போட்டிருப்பான். பெருக்கிப் பார்த்தாலும் சுருக்கிப் பார்த்தாலும் படிக்க எளிதான எண்களாகத் தேர்ந்தெடுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் எழுதுவதற்குத்தான் வரைபட லைப்ரரி. அதைப் புரிந்துகொண்டதும் என் நிரலை அழித்துவிட்டேன்.

சி++ மொழியும், அதில் ஜன்னல், பொத்தான் எல்லாம் செய்ய உதவும் க்யூட் தொகுப்பும் உனக்குப் பழக்கம் என்பதால் அந்தக் குடும்பத்திலேயே தேடினேன். க்யூ-கஸ்டம்-பிளாட் என்று ஒன்று இருக்கிறது. இரண்டே கோப்புகள்தான், உன் திட்டத்தில் சேர்த்தால் வேலை முடிந்தது. என் ஒருவனுக்கு என்றால் அதையே எடுத்திருப்பேன். ஆனால் அது ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது. நீ சோதனை மேடையோடு மென்பொருளையும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறாய். அப்படியானால் உன் மூல நிரலையும் அதே உரிமத்தில் அவருக்குக் கொடுக்க வேண்டும், அல்லது பணம் கட்டி வணிக உரிமம் வாங்க வேண்டும். க்யூ-டபிள்யூ-டி என்ற இன்னொரு வரைபட லைப்ரரி அப்படியல்ல. அதன் உரிமம், உன் சொந்த மூல நிரலைக் கேட்காத எல்.ஜி.பி.எல். உரிமத்தை இன்னும் கொஞ்சம் தளர்த்தியது. அதனால் உனக்காக அதை எடுத்துக்கொண்டேன். அதன் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இரண்டு பெயர்கள் இருக்கும்: 1997 யோசெஃப் வில்கென், 2002 உவே ராத்மான். 1997-இல் நாம் தட்டச்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம், அதுவும் எதற்காகப் போனோம் என்பது உனக்குத் தெரியும்.

இதை மூல நிரலிலிருந்து கணினியில் ஓடும் வடிவுக்கு நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். 6.2.0 பதிப்பின் மூலத்தை இறக்கிப் பிரித்தால், உள்ளே ‘கான்ஃபிக்’ என்று முடியும் பெயரில் ஓர் அமைப்புக் கோப்பு இருக்கிறது. கட்டுவதற்கு ஏற்பாடு செய்யும் ‘க்யூமேக்’ கருவியை ஓட்டுவதற்கு முன்னால் அதை நிதானமாக ஒரு முறை படித்துவிடு. நான் படிக்காமல் ஓட்டினேன். முதல் அடியிலேயே ‘எஸ்விஜி என்ற மாட்யூலைத் தெரியாது’ என்று நின்றுவிட்டது. அந்தக் கோப்பில் எஸ்விஜி (ஒரு படக் கோப்பு வடிவம்), ஓப்பன்ஜிஎல் (கிராபிக்ஸ் வசதி), டிசைனர் (ஜன்னலை வடிவமைக்கும் கருவி) என்று ஒவ்வொரு வசதிக்கும் ஒரு வரி. வேண்டாததன் தலையில் ஒரு ஹேஷ் (#) குறி வைத்தால் அது இல்லாமல் கட்டும். உனக்கு எஸ்விஜி தேவையில்லை, டிசைனரும் தேவையில்லை, இரண்டையும் மூடிவிடு. படத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுக்கப்போகிறாய் என்றாலும் எஸ்விஜி இல்லாமலே பிடிஎஃப் வரும். எங்கே நிறுவ வேண்டும் என்பதும் அதே கோப்பில்தான். லினக்ஸில் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ என்பதன் கீழே பதிப்பு எண்ணோடு தனி அடைவு.

பிறகு க்யூமேக், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று கட்டளைகள். மேக் ஓடும்போது திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். என் கணினியில் டீ போட்டுக் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நிரல் பிழையில்லாமல் உருவானது. ஓட்டினால், லைப்ரரியைக் காணவில்லை என்றது. தனி அடைவில் நிறுவியதால் கணினி அங்கே தேடுவதில்லை. லைப்ரரிகள் இருக்கும் இடங்களைக் கணினிக்குச் சொல்லும் ‘எல்டி கான்ஃபிக்’ கட்டளை படிக்கும் பட்டியலில் அந்த அடைவைச் சேர்த்து ஒருமுறை அதை ஓட்டியதும் சரியாயிற்று.

லினக்ஸில் இவ்வளவுதான். அப்பாவின் கணினி விண்டோஸ். உன்னுடையதும் அதுதான். அங்கேதான் நான் மூன்று சாயங்காலங்களைத் தொலைத்தேன்.

கட்டினேன், பிழை இல்லை. இணைத்தேன், பிழை இல்லை. ஓட்டினால் ஜன்னல் திறக்காமலேயே செத்துவிட்டது. ‘அப்ளிகேஷனை உருவாக்காமல் விட்ஜெட்டை (ஜன்னல் போன்ற திரை உறுப்பை) உருவாக்கக் கூடாது’ என்று ஒரே ஒரு வரி. என் நிரலின் முதல் வரியே அப்ளிகேஷனை உருவாக்குவதுதான். கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது. இரண்டு நாள் அந்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், நான் நிரலைப் பிழை தேடுவதற்கான டீபக் முறையில் கட்டியிருந்தேன், ஆனால் பயனருக்குக் கொடுப்பதற்கான ரிலீஸ் முறையில் கட்டிய லைப்ரரியோடு இணைத்திருந்தேன். அப்படிச் செய்தால் நிரலுக்குள் க்யூட்டே இரண்டு பிரதிகளாக ஏறிவிடுகிறது. டீபக் க்யூட்டில் அப்ளிகேஷன் பிறந்திருக்கிறது. ரிலீஸ் க்யூட்டுக்கு அந்தச் செய்தி தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு சமையலறை, ஒன்றில் உலை வைத்தது மற்றதற்குத் தெரியாது என்பது போல. விண்டோஸில் லைப்ரரி இரண்டு வடிவிலும் கிடைக்கும். டீபக் வடிவின் பெயர் முடிவில் ஒரு ‘டி’ கூடுதலாக இருக்கும். டீபக் நிரலுக்கு அந்த ‘டி’ போட்டது, மற்றதற்குப் போடாதது. இந்த ஓர் எழுத்துக்குத்தான் அந்த மூன்று சாயங்காலங்களும்.

இன்னொன்று: க்யூட்டை எந்தக் கம்பைலர் (மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) கட்டியதோ அதே கம்பைலரால்தான் இதையும் கட்ட வேண்டும். விஷுவல் ஸ்டூடியோவில் கட்டிய க்யூட்டோடு மின்ஜிடபிள்யூ என்ற இன்னொரு கம்பைலரில் கட்டிய லைப்ரரி ஒட்டாது. வாடிக்கையாளரின் கணினிக்குக் கொண்டுபோகும்போது, க்யூட் தரும் கருவி அதன் சொந்த டிஎல்எல்களை (விண்டோஸ் லைப்ரரிக் கோப்புகளை) திரட்டித் தரும். க்யூ-டபிள்யூ-டியின் டிஎல்எல்லை மட்டும் நீயே கையால் எடுத்து நிரலுக்குப் பக்கத்தில் வைத்துவிடு. உன் கணினியில் ஓடுவதை நம்பி வண்டி ஏறிவிடாதே.

படம் வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பாராட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். 2023 டிசம்பரில் விரலை வைத்து, “இந்த நாலு நாளும் அணை என்ன செய்தது என்று உனக்கு யார் சொன்னது?” என்றார்.

அந்த வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். டிசம்பர் 17, மார்கழி பிறந்த அன்றைக்குப் பிடித்த மழை. மறுநாள் காலை எட்டரை வரையில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். எங்களுக்கு நாலு நாள் பத்திரிகை வரவில்லை. அதனால் நோட்டில் அணைப் பத்தி காலி. என் நிரலோ அதற்கு முந்தைய புள்ளியையும் பிந்தைய புள்ளியையும் எடுத்து நடுவே ஒரு நேர்கோடு இழுத்துவிட்டது. அணை ஒழுங்காக, படிப்படியாக ஏறியது போலத் தெரிகிறது. சுத்தப் பொய்.

மழைக் கம்பங்களில் இதைவிடப் பெரிய சங்கடம். அப்பாவின் நோட்டில் மழை பெய்யாத நாளுக்குச் சுழி. ஊரில் இல்லாமல் அளக்க முடியாத நாளுக்குச் சின்னக் கோடு. கம்பம் வரைந்தால் இரண்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் கம்பமே இல்லை. அந்த டிசம்பர் 18-ஆம் தேதிக்கு எதிரே எண்ணே கிடையாது. நீல மையில் ‘வழிந்தது’ என்று எழுதியிருக்கிறார். அவருடைய ஜாடி 20 சென்டிமீட்டரோடு நிரம்பிவிடும். காயல்பட்டினத்தில் வைத்திருந்தால் நாலு முறை கவிழ்த்த பிறகு ஐந்தாவதும் முக்கால்வாசி நிறைந்திருக்கும். நான் எண்களை ஏற்றியபோது ‘வழிந்தது’ என்ற சொல்லைப் படிக்கத் தெரியாமல் நிரல் அங்கே சுழி போட்டுக்கொண்டது. தாமிரபரணி ஊருக்குள் வந்த நாளில் என் படத்தில் மழையே இல்லை!

அன்றிரவே உட்கார்ந்து மாற்றினேன். அணைக் கோட்டை ஒரே கோடாக வைக்காமல், விடுபடாத ஒவ்வொரு தொடரையும் தனிக் கோடாக்கி ஒரே நிறம் கொடுத்தேன். நடுவே தானாக இடைவெளி விழுந்துவிட்டது. அளக்காத நாட்களுக்கு அடியிலிருந்து மேல்வரை மெல்லிய சாம்பல் பட்டை. வழிந்த நாளுக்கு 200 மில்லிமீட்டர் வரை கம்பம், அதன் தலையில் மேல்நோக்கி ஓர் அம்பு. உன் பம்பிலும் இது வரும், யோசித்து வை. உணரி அறுந்துபோனால் அழுத்தம் சுழி என்று எழுதுவாயா, தெரியாது என்று எழுதுவாயா? அதன் அளவெல்லைக்கு மேலே போனால் என்ன செய்வாய்?

கீழ் அச்சுக்குத் தமிழ் மாதம் வேண்டும் என்றும் கேட்டார். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று பேசுகிறவருக்கு நவம்பர் என்று எழுதிக் காட்டினால் எப்படி? அது சுலபமாக முடிந்தது. அச்சில் எழுதும் சொல்லை உருவாக்க அந்த லைப்ரரியில் ஒரு சார்பு இருக்கிறது. அதை மட்டும் நாம் மாற்றி எழுதிக்கொள்ளலாம். மாதப் பிறப்புத் தேதிகளைப் பஞ்சாங்கம் பார்த்து ஒரு பட்டியலாகக் கொடுத்துவிட்டேன்.

உனக்கு வேறு ஒரு கவலை உண்டு, எனக்கு அது இல்லை. எனக்கு ஒரு நாளைக்கு ஓர் எண். உனக்கு வினாடிக்கு ஆயிரம். ஒவ்வோர் எண் வரும்போதும் படத்தைத் திரும்ப வரைந்தால் அந்தப் பழைய கணினி மூச்சு விடாது. எண்களை ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டே போ. டைமர் வைத்து வினாடிக்கு இருபது தடவை மட்டும் வரை. கண்ணுக்கு அது போதும். மேலும் திரை அகலம் ஆயிரத்துச் சொச்சம் புள்ளிதான். அதற்குள் பத்தாயிரம் எண்ணைத் திணித்தால், ஒரு புள்ளிக்கு வரும் பத்து எண்ணில் பெரியதையும் சிறியதையும் மட்டும் எடுத்தாலே போதும். சராசரி எடுக்காதே, பம்பு உதறும் அந்த ஒரு நொடி மறைந்துபோகும்.

அமைப்புக் கோப்பை நான் மாற்றியபடியே இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கச்சி அப்பளம் கேட்டிருந்தாள் என்று அம்மாவிடம் சொன்னேன், இரண்டு கட்டு எடுத்து வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

படம் ஓடத் தொடங்கியதும் ஒன்றை அச்சிட்டு அனுப்பு. அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அளவுத்திட்டம் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை