டப்பாவில் அச்சடித்த வாட்

ஆசிரியர் அவர்களுக்கு,

சில ஆயிரம் ரூபாய் ‘டிஜிட்டல்’ ஆம்ப்ளிஃபையர், லட்சக்கணக்கில் விற்கும் ஹை-எண்ட் ஆம்ப்ளிஃபையருக்கு ஈடாகுமா என்று பலரும் கேட்கிறார்கள். வீட்டு ஹாலில், 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கரில், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வராத சத்தத்தில் கேட்பவருக்கு ஈடாகும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில், இந்த மலிவு ஆம்ப்ளிஃபையர்களின் வகைப் பெயரான கிளாஸ்-டி என்பதில் உள்ள ‘டி’ டிஜிட்டல் அல்ல. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவே. வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடும். அந்தத் துடிப்பைக் ‘காயில்’ எனும் கம்பிச்சுருளும் கெபாசிட்டரும் வடிகட்டி இசையாக்கும். சூடு குறைவாக இருப்பதும் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் சிறியதாக இருப்பதும் இதனால்தான்.

ஏமாற்று நடப்பது வாட் கணக்கில். இந்த ஆம்ப்ளிஃபையர்களில் வரும் டிபிஏ3255 சிப்புக்கு 315 வாட் என்கிறார்களே, அது 51 வோல்ட் சப்ளையில், 4 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) வரும் அளவு. கூடவே வரும் அடாப்டர் 32 வோல்ட் என்றால் 8 ஓமில் சேனலுக்கு ஏறக்குறைய 55 வாட்தான். டிபிஏ3116 என்ற சிப் உள்ள போர்டை 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரில் ஓட்டினால் 8 ஓமில் ஏறக்குறைய 20 வாட்தான்; போர்டில் ‘100+100’ என்று போட்டிருந்தாலும் சரி. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 10 வாட்டில் 100 டெசிபல் தரும். அது வீட்டுக்கு ஏகப்பட்ட சத்தம்.

அடுத்து கவனிக்க வேண்டியது அந்தக் கம்பிச்சுருள். சுண்டைக்காய் அளவு கம்பிச்சுருள், கனமான பாஸ் வரும்போது காந்தத் திறன் நிரம்பி (சாச்சுரேட் ஆகி) திணறும், ஒலி கரகரக்கும். வடிகட்டிக்குப் பிறகு ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலைப் பார்த்துப் பிழை திருத்தும் முறை) எடுக்காத போர்டுகளில், ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்து 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலி ஏறும் அல்லது இறங்கும். (லட்ச ரூபாய் செட் வாங்க வசதி வரும் வயதில் அந்த இடம் காதில் விழுவதில்லை என்பது வேறு விஷயம்.) அருகே மீடியம் வேவ் வானொலி வைத்தால் அதிலும் இரைச்சல் வரலாம்.

சில அதிர்வெண்களில் மின்தடை 2 ஓம் வரை இறங்கும் பெரிய ஸ்பீக்கர் என்றால் கதையே வேறு. மின்னோட்டம் அளவு மீறினால் நிறுத்தும் மலிவு போர்டின் ஓவர்கரண்ட் பாதுகாப்பு பாட்டை நடுவில் வெட்டிவிடும். கனமான பவர் சப்ளைக்குக் கொடுக்கும் காசு அங்கேதான் நியாயமாகும்.

1985-ல் அமெரிக்க ஆம்ப்ளிஃபையர் தயாரிப்பாளரான பாப் கார்வர், தன் சாதாரண விலை ஆம்ப்ளிஃபையரை விலையுயர்ந்த ஒன்றின் ஒலிக்கு ஒப்பாக மாற்றிக் காட்டினார். ‘ஸ்டீரியோஃபைல்’ என்ற ஆடியோ இதழினரால் பிரித்தறிய முடியவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். 60 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட் அளவில் வைத்து, இரண்டு ஆம்ப்ளிஃபையரையும் 1 சதவீதத்துக்குள் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் கொஞ்சம் கூடினால் அதையே ‘தரம்’ என்று காது நம்பிவிடும். பிறகு எது ஓடுகிறது என்று சொல்லாமல் மற்றவர் 16 முறை மாற்றட்டும்; ஒவ்வொரு முறையும் எது என்று நீங்கள் சொல்லுங்கள். வெறும் ஊகத்தில் 12 சரியாக வர நூற்றுக்கு 4 வாய்ப்புகூட இல்லை.

மாற்ற வைக்கும் சுவிட்ச், ஸ்பீக்கரின் இரு கம்பிகளையும் சேர்த்துத் துண்டிப்பதாக இருக்க வேண்டும். இந்த போர்டுகளில் பெரும்பாலானவை பிரிட்ஜ் முறை. மைனஸ் முனையிலும் சிக்னல் உண்டு. இரண்டு ஆம்ப்ளிஃபையரின் மைனஸையும் ஒன்றாக இணைத்தாலோ எர்த்தில் தொட்டாலோ சிப் போய்விடக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை