எஞ்சின் விளக்கு குறித்த புகார்: 605 வெள்ளியைத் திருப்பித் தரவும்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
26 மே 2025

மேலாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

மார்ச் 11-இல் என் காடியின் எஞ்சின் விளக்கு முதன்முதலாக எரிந்ததும் உங்கள் ஈப்போ சர்வீஸ் சென்டருக்கு வந்தேன். ஸ்கேன் செய்து விளக்கை அணைத்து 85 வெள்ளி வாங்கினீர்கள். நாலாம் நாளே மறுபடி எரிந்தது. ஏப்ரல் 2-இல் முன்பக்க ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று சொல்லி மாற்றினீர்கள். கூலியோடு 520 வெள்ளி. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஏப்ரல் 25-இல் எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ரோட்டல் பாடியைக் கழுவியதற்கு 120 வெள்ளி. இனியும் எரிந்தால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத்தான் மாற்றவேண்டும் என்று 2,650 வெள்ளிக்கு ஒரு விலைத்தாளையும் கையில் திணித்தார் உங்கள் கவுண்டர் தம்பி. "பெட்ரோல் மூடிய சரியா மூடுறீங்களா அங்கிள்?" என்ற கேள்வி வேறு.

தொழிலாளர் தினத்தன்று காலை, வீட்டு வாசலிலேயே மீண்டும் எரிந்தது.

நான் காடி பழுதுபார்க்கும் போர்மேன் இல்லை. செம்பனை ஆலையில் 22 வருடம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன். மானியில் அழுத்தம் இறங்கினால் நாங்கள் மானியைக் கழற்றி எறியமாட்டோம். நீராவி எங்கே போகிறது என்று குழாய் குழாயாகத் தேடுவோம். அதே புத்தியில், 38 வெள்ளிக்கு ஒரு புளூடூத் ஸ்கேனர் வரவழைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் செருகி, மகளின் கைப்பேசியில் பார்த்தேன்.

காட்டிய கோளாறுக் குறியீடு பி0171. எரியும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். பெட்ரோல் மூடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் மூன்று வேலைத்தாள்களிலும் இதே எண்தான் எழுதியிருக்கிறது. எழுதியவர் ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

எஞ்சின் சூடேறிய பிறகு, ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் கூட்டல் 22 விழுக்காடு காட்டியது. கூடுதல் காற்றுக்கு ஈடுகட்ட அவ்வளவு பெட்ரோலைக் கணினி சேர்த்துத் தெளிக்கிறது. நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்தால் 6-க்கு இறங்கிவிடுகிறது. பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தால் இழுவை கூடக்கூட இது ஏறவேண்டும். இங்கே இறங்குகிறது. அப்படியானால் த்ரோட்டலுக்குப் பின்னால் எங்கோ காற்று கள்ளத்தனமாகப் புகுகிறது.

மே 6 விடியற்காலை எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் காற்றாடி சுழலத் தொடங்குமுன் பொன்னெட்டைத் திறந்தேன். பெட்ரோல் வாடை எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஹோஸ்களை ஒட்டி நகர்த்தினேன். ("காடிக்குப் பூஜையா?" என்றாள் மனைவி.) எஞ்சினுக்குள் தேங்கும் ஆவியைத் திரும்ப உறிஞ்சவிடும் பிசிவி ஹோஸின் வளைவுக்கு அடியில் புகை சட்டென்று உள்ளே இழுபட்டது. விரல் நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. ரப்பர் மரம் சீவிப் பிழைத்த ஊர்க்காரனுக்கு ரப்பர் வெடித்தது இவ்வளவு தாமதமாகவா தெரியவேண்டும்!

ஹோஸ் 18 வெள்ளி, கிளிப் 2 வெள்ளி. குறியீட்டை நான் அழிக்கவில்லை. மூன்று நாள் ஓட்டத்தில் விளக்கு தானாகவே அணைந்தது. டிரிம் மெல்ல 3-க்கு வந்து நிற்கிறது. இன்றோடு இருபது நாள்.

பணத்தைவிட என்னை உறுத்துவது நீங்கள் குறியீட்டை அழித்த விதம். கோளாறு தோன்றிய நேரத்து வேகம், சூடு, டிரிம் எல்லாவற்றையும் கணினி பதிந்து வைக்கிறது. குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும். அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே கோளாறு தென்பட்டால்தான் விளக்கு திரும்ப எரியும். அந்தச் சில நாள் இருட்டைத்தான் 'சரியாகிவிட்டது' என்று எனக்கு விற்றீர்கள்.

த்ரோட்டல் பாடியில் உண்மையிலேயே கரி பிடித்திருந்தது, நானே பார்த்தேன். அந்த 120 வெள்ளியைக் கேட்கவில்லை. மீதி 605 வெள்ளியையும், என்னிடம் காட்டாமலே எடுத்துக்கொண்ட பழைய சென்சாரையும் திருப்பித் தாருங்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, 53-ஆம் பிரிவின்படி சேவையை நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்வது உங்கள் கடமை. 14 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பாரம் 1 படிவத்தைப் பதிவு செய்வேன். கட்டணம் 5 வெள்ளிதான்.

ரசீதுகள், வேலைத்தாள்கள், டிரிம் காட்டும் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். வெடித்த ஹோஸ் என்னிடம் இருக்கிறது. பார்க்கவேண்டுமானால் இம்முறை நீங்கள் சுங்கை சிப்புட் வரவேண்டும்.

இப்படிக்கு,
காடியின் உரிமையாளர்