பரிசேயர் வேறு, பிரதான ஆசாரியர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இயேசுவின் சிலுவைப்பாடு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவரைப் பிடித்துக் கொடுத்தவர்கள் பரிசேயர்கள் (யூதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த ஒரு பிரிவினர்) என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டது. பிரசங்கங்களில் கேட்டுக் காது பழகிய செய்திதான். ஆனால் எந்த வழக்கை யார், எந்த ஊரில் கிளப்பினார்கள் என்று சுவிசேஷங்களைப் புரட்டிப் பார்த்தால் அது நிற்காது.

மாற்கு 2:1 முதல் 3:6 வரை ஐந்து சச்சரவுகள் அடுத்தடுத்து வருகின்றன. பாவமன்னிப்பு, வரி வசூலிப்போரோடு பந்தி, உபவாசம், சீடர்கள் கதிர் கொய்தது, சூம்பின கையை இயேசு குணமாக்கியது. எல்லாம் கலிலேயாவில். எதிரே நிற்பவர்கள் பெரும்பாலும் பரிசேயரும் வேதபாரகரும் (சட்ட அறிஞர்கள்). கதிர் கொய்த வழக்கைத் திருட்டு வழக்காகப் பலர் புரிந்துகொள்கிறார்கள். அது அல்ல. பிறன் வயலில் கையால் கதிர் பறிக்க உபாகமம் 23:25 இடம் தருகிறது, அரிவாள்தான் கூடாது. சிக்கல், பறித்த நாள் ஓய்வுநாள் என்பது. அறுவடை அன்று விலக்கப்பட்ட வேலை. சூம்பின கையிலும் இதே நுணுக்கம்தான். உயிருக்கு ஆபத்தென்றால் ஓய்வுநாளை மீறலாம் என்பது யூத மரபே ஏற்ற விதி. சூம்பின கை சூரியன் மறையும்வரை காத்திருக்கலாமே என்பதுதான் அவர்கள் தரப்பு. நன்மை செய்வதற்கு நாள் தள்ளிப்போடுவானேன் என்பது இயேசுவின் தரப்பு. ஒரே சட்டத்தை ஏற்றவர்கள், அதன் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று மோதிக்கொண்டார்கள்.

அந்த மோதலின் முடிவில் பரிசேயர்கள் ஏரோதியரோடு (ஏரோதின் ஆதரவாளர்களோடு) சேர்ந்து அவரைக் கொல்ல ஆலோசித்தார்கள் என்று மாற்கு 3:6 சொல்வதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கைது நடந்தது எருசலேமில், வேறு ஆட்களால். ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தபின் அவரைக் கொலைசெய்ய வழிதேடியவர்கள் வேதபாரகரும், ஆலயத்தை நிர்வகித்த தலைமைக் குருமாரான பிரதான ஆசாரியரும் (மாற்கு 11:18). மாற்கு 14, 15 ஆகிய இரு அதிகாரங்களிலும் ‘பரிசேயர்’ என்ற சொல் ஒருமுறைகூட இல்லை. லூக்காவில் 19:39க்குப் பிறகு இல்லை. யோவான் 18:3 மட்டும் கைது செய்ய வந்தவர்களை அனுப்பியோரில் பரிசேயரையும் சேர்க்கிறது. மத்தேயுவில் அவர்கள் கல்லறைக்குக் காவல் கேட்கும் இடத்தில்தான் திரும்ப வருகிறார்கள்.

பிரதான ஆசாரியர்களுக்கு ஏன் அத்தனை அவசரம்? அன்றைய தலைமைக் குரு காய்பா. அவரை அந்தப் பதவியில் அமர்த்தியவன் உரோம ஆளுநன் கிராத்து. ஏறக்குறைய 18ஆம் ஆண்டு முதல் 36 வரை பதவியில் நீடித்தவரை இறக்கியதும் உரோம அதிகாரிதான். ஆலய வரியான அரைச் சேக்கலைத் தீரு நகர வெள்ளிக்காசில் செலுத்த வேண்டியிருந்ததால் காசு மாற்றுவோர் தேவைப்பட்டார்கள். ஆக, கவிழ்ந்த பலகைகள் நேராக ஆலய நிர்வாகத்தின் அதிகாரத்தைத் தொட்டன. அதுவும் பஸ்கா பண்டிகை நெருங்கி ஊர் நிரம்பி வழிந்த சமயம். உரோமர் வந்து நம் இடத்தையும் ஜனத்தையும் அழிப்பார்களே என்று யோவான் 11:48இல் வரும் கவலை வெறும் சாக்கு அல்ல.

கலிலேயாவை ஆண்ட ஏரோது கொல்லப் பார்க்கிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்களும் பரிசேயரே (லூக்கா 13:31). இயேசுவை அடக்கம் செய்ய உதவிய நிக்கொதேமுவும் பரிசேயர்.

‘யூதர்கள்’ என்று எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். பிறவிக்குருடனின் பெற்றோர் ‘யூதருக்குப் பயந்தார்கள்’ என்கிறது யோவான் 9:22. அந்தப் பெற்றோரே யூதர்கள்! அங்கே அந்தச் சொல் அதிகாரிகளைக் குறிக்கிறது. இயேசுவின் பாடுகளுக்கு அன்றிருந்த யூதர் எல்லாரையுமோ இன்றைய யூதரையோ குற்றம்சாட்டக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எழுதியே வைத்தது. சிலுவை உரோமர் தந்த தண்டனை, தீர்ப்பளித்தவன் உரோம ஆளுநன் பிலாத்து.

கடைசியாக ஒரு சில்லறைத் திருத்தம். பூண்டுகளில்கூடத் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கொடுத்துவிட்டு நீதியை விட்டவர்கள் என்று பரிசேயரை இயேசு கண்டிக்கும் இடத்தில் (மத்தேயு 23:23) பழைய மொழிபெயர்ப்பு தரும் ‘வெந்தயம்’ கிரேக்க மூலத்தில் சதகுப்பை. அதில் தசமபாகம் கொடுத்ததை இயேசு தவறென்று சொல்லவில்லை. அதையும் விடக்கூடாது என்றுதான் அதே வசனம் முடிகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்